நாலரைச் சுற்று

அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நான் ஒட்டுக் கேட்கல. நீங்கதான் பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி போன் பேசினீங்க. "பத்து மில்லி ஸ்பேசர் போட்டா உரசாதுல்ல? போட்டுடவா?" இப்படித்தானே கேட்டீங்க? பார்த்தீங்களா, அதுக்குள்ள உங்க குரல் எனக்கு வந்துடுச்சு. ஒவ்வொரு வரி முடியும்போதும் மூக்குல கொண்டுபோய் நிறுத்துறீங்க. மன்னிச்சுக்கோங்க. யார் பேசினாலும் என் வாய் கூடவே போயிடும். எங்க அப்பா இதுக்காகவே ரெண்டு தடவை செவுள்ல விட்டிருக்கார்.

பிக்கப்தானே வெச்சிருக்கீங்க? அகலமான வீல் வாங்கிட்டீங்க, உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையில உரசுது. சரியா? வீலுக்கு உள்பக்கம் வைக்கிற அந்த ஸ்பேசர் தட்டைக் கேக்குறவங்கள்ல பாதிப் பேர் உரசுறதுக்காகக் கேப்பாங்க, பாதிப் பேர் கெத்துக்காகக் கேப்பாங்க. உங்களைப் பார்த்தா கெத்துக்குக் கேக்குற ஆள் மாதிரி தெரியல. கோபப்படாதீங்க, நல்லதாத்தான் சொன்னேன்.

வேண்டாம்ணே. அதாவது, எண்ணிப் பார்க்காம வேண்டாம். அது ஏன்னு சொல்லணும்னா அரசி அக்காவைச் சொல்லணும். அரசி அக்காவைச் சொன்னா நான் பண்ணினதையும் சொல்லணும். நீங்க சேலம் வரைக்கும்தானே? அப்போ நேரமிருக்கு.

ஆத்தூர் பைபாஸ்ல கரும்பு ஜூஸ் கடை எங்களோடது. ஒரே ஒரு தகரச் சுவர், அதுக்கு அந்தப் பக்கம் அரசி அக்காவோட வீல் அலைன்மென்ட் கடை. முழுப்பேர் மங்கையர்க்கரசி. அத்தனை பெரிய பேரைக் கூப்பிடுறதுக்குள்ள வண்டி போயிடும்னு எல்லாருக்கும் அரசி அக்கா. எங்க ஊர்ல தை பொறந்தா மரவள்ளிக் கிழங்கு சீசன். காட்டுல இருந்து ஜவ்வரிசி பண்ற சேகோ பேக்டரிக்கு ராத்திரி பகல்னு இல்லாம பிக்கப் ஓடும். அத்தனை பிக்கப்புக்கும் வீல்ல ஒண்ணுன்னா அக்காதான்.

கடைக்குக்கூட வர வேண்டியதில்ல. போன்லயே முடிச்சிடும். டிரைவர் எங்கயோ காட்டுல வண்டியை நிறுத்திட்டு, ஒரு கையில டேப்பு, ஒரு கையில போனு. இந்தப் பக்கம் அக்கா. "இங்க பாரு கண்ணு, அளந்தியா? கண்ணால அளந்தியா, டேப்பால அளந்தியா?" முதல் கேள்வியே இதுதான். அப்புறம் மூக்கை ஒரு உறிஞ்சு. "வீல் பின்னாடி ஒரு நம்பர் அடிச்சிருப்பான், படி. முப்பத்தஞ்சா? அதான் உள்ள போய் உக்காந்திருக்கு. உன் வண்டிக்கு இருபத்தஞ்சு இருக்கணும். அந்த நம்பர் கூடக்கூட வீல் உள்ள போகும், குறையக்குறைய வெளிய எட்டிப் பார்க்கும். ரொம்ப எட்டிப் பார்த்தா பேரிங் அழும். போய் மாத்திட்டு வா."

அதுக்கு எல்லாரும் என்ன சொல்வாங்க? நீங்க சொன்னதேதான். "அக்கா, பத்து மில்லி ஸ்பேசர் போட்டா முப்பத்தஞ்சு இருபத்தஞ்சாயிடுமே, கணக்கு ஒண்ணுதானே?"

"கணக்கு ஒண்ணுதான் கண்ணு. வீல் பத்து மில்லி வெளிய வந்துடும். போல்ட்டும் கூடவே வெளிய வருமா?"

வராதுல்ல? போல்ட் இருக்குற நீளம்தான் இருக்கும். நட்டு பிடிக்கிற மறை குறைஞ்சிடும். அதனால அக்கா ஒரு முறை வெச்சிருந்துச்சு. ஸ்பேசரை வெச்சு, வீலை மாட்டி, ஸ்பேனர் தொடாம வெறுங்கையால நட்டைச் சுத்தணும். போனை ஸ்பீக்கர்ல போட்டு, சத்தமா எண்ணணும். ஒண்ணு, ரெண்டு, மூணு. எட்டுச் சுத்து வந்தாத்தான் அக்கா "ஓட்டு"ன்னு சொல்லும். ஏழே முக்கால்னாகூடக் கிடையாது. "நீள போல்ட் அடி, இல்லாட்டி வீலை மாத்து, இல்லாட்டி நடந்து போ." அவ்வளவுதான், கட் பண்ணிடும். எங்க ஊர் பிக்கப்காரங்க காட்டுக்கு நடுவுல நின்னு சாமி கும்பிடுற மாதிரி கண்ணை மூடிட்டு எட்டு வரைக்கும் எண்ணுறதை நீங்க பார்த்திருக்கணும். எனக்கு அத்தனை பேர் எண்ணுறதும் வரும். பிக்கப் ஸ்டாண்டு தலைவர் வையாபுரி ஒவ்வொரு நம்பருக்கும் முன்னாடி தொண்டையைச் செருமுவார். "க்கும், ஒண்ணு. க்கும், ரெண்டு." எட்டு வர்றதுக்குள்ள அக்காவே தூங்கிடும்.

நான் இப்போ சிரிக்கிறேன். சிரிக்கக் கூடாது.

அக்கா வண்டிக்கு அடியில இருக்குற குழிக்குள்ள இறங்கி வேலை செய்யும். கை ரெண்டும் கிரீஸ். ஒருவாட்டி போன் ஆயில் தட்டுலயே விழுந்துடுச்சு. அதுல இருந்து குழியில இறங்குறப்போ போனை எங்க ஜூஸ் கடையில சார்ஜ் போட்டுட்டுப் போயிடும். மணி அடிச்சா நான் எடுத்து, "அக்கா குழிக்குள்ள இருக்கு, பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க"ன்னு சொல்லணும். எனக்குக் கொடுத்த வேலை அந்த ஒரு வரி.

மாசி மாசம் ஒருநாள். பதினொண்ணே முக்கால் மணி. பள்ளிக்கூடம் லீவு. அப்பா கரும்பு எடுக்கப் போயிட்டார், கடையில ஈ மட்டும்தான். மணி அடிச்சுது. தீர்த்தமலை அண்ணன். சொந்தமா ஒரே ஒரு பிக்கப், சொந்தமா ஒரே ஒரு வெள்ளைச் சட்டை, அப்படி ஒரு ஆள். எடுத்த உடனே, "அக்கா"ன்னார்.

அக்கான்னார்ணே. ஹலோகூடச் சொல்லல. என் வாய் சும்மா இருக்குமா?

"சொல்லு கண்ணு"ன்னேன். ஒரு உறிஞ்சு வேற.

அப்போ எனக்குக் குரல் உடையல. அக்கா குரல் அப்படியே அச்சு. அக்காவே கேட்டாலும் நாம எப்போ பேசினோம்னு குழம்பியிருக்கும். பார்க்கக் கேக்க ஒரு ஆள் இல்லாம நான் பண்ணினதுலயே பெஸ்ட் அதுதான். அந்தப் பெருமை எனக்கு இன்னும் போகலன்னு நினைக்கிறேன், சொல்லும்போதே தெரியுது பாருங்க.

அவர் புது வீல் வாங்கியிருந்தார். முப்பத்தஞ்சு. அக்கா முன்னாடியே மாத்திட்டு வரச் சொல்லியிருந்துச்சு போல. மாத்தல. பத்து மில்லி ஸ்பேசர் வாங்கி மாட்டிட்டு நிக்கிறார். "அக்கா, திட்டாதீங்க, எண்ணிக் காட்டட்டுமா?"

"கண்ணால எண்ணுவியா, கையால எண்ணுவியா?"

அவர் சிரிச்சார். சிரிச்சதும் எனக்கு ஏறிடுச்சு. எண்ண ஆரம்பிச்சார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

"நாலரைல நிக்குதுக்கா."

நான் எட்டுன்னா என்ன, நாலரைன்னா என்னன்னு யோசிக்கலண்ணே. அக்கா இந்த இடத்துல திட்டும். திட்டினா போனை வெச்சிடணும். ஆட்டம் முடிஞ்சிடும். எனக்கு முடிக்க மனசில்ல. அதனால, "போதும் கண்ணு, ஓட்டு"ன்னேன்.

"நெசமாவா அக்கா?"

"நான் சொல்றேன்ல?"

அவர் பாவம், அதுக்கப்புறம் சந்தோஷத்துல கொஞ்ச நேரம் வேற என்னவோ பேசினார். மொத்தம் ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. அது போன்ல பதிவாகும்னு அன்னைக்கு எனக்குத் தோணல.

அக்காகிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். குழியில இருந்து ஏறி வந்துச்சு, "யாராச்சும் கூப்பிட்டாங்களா?"ன்னுச்சு. கடையில அப்போ நாலு பேர் ஜூஸுக்கு நின்னாங்க. "அப்புறம் கூப்பிடுறாங்களாம்"னு சொல்லிட்டேன். பதினோரு நாள் ஒண்ணும் ஆகல. தீர்த்தமலை அண்ணன் எங்க கடை முன்னாடியே அந்த வீலோட போவார், வருவார், ஹாரன் அடிப்பார். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அக்கா ரொம்பத்தான் பயப்படுது, நாலரையே போதும்போலன்னு நினைச்சேன். தொழிலே கத்துக்கிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

பன்னெண்டாம் நாள் கிழங்கு லோடோட சேகோ பேக்டரி வாசல்ல திரும்பினார். ஒரு வேகத்தடை. இடது பின்வீல் தனியா உருண்டு போய் பேக்டரி சுவர்ல முட்டி நின்னுடுச்சு. வண்டி சாய்ஞ்சிடுச்சு. கிழங்கெல்லாம் ரோட்டுல. அவருக்குக் காறை எலும்பு முறிஞ்சுது, இடது கை தூக்க முடியாது. சீசன் முழுக்கப் படுக்கை. அஞ்சு போல்ட்டும் மறை அறுத்துக்கிட்டு நின்னதை எல்லாரும் வந்து பார்த்தாங்க. அவர் ஆஸ்பத்திரியில சொன்னது ஒண்ணே ஒண்ணு. "நாலரைன்னு சொன்னேன். அக்காதான் போதும்னுச்சு."

வையாபுரி பத்துப் பேரோட கடைக்கு வந்தார். சண்டை போடல. சண்டை போட்டிருந்தா நல்லாருந்திருக்கும். "க்கும், அரசி, ஒருக்கா போனைக் குடு." தேதியைத் தேடி எடுத்தார். தீர்த்தமலை, பதினொண்ணே முக்கால், ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு, எடுத்துப் பேசினது. அக்கா அதையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு.

கூட்டத்துல ஒருத்தர், "போன் ஜூஸ் கடையிலதானே இருக்கும், பையன் எடுத்திருப்பானோ?"ன்னார்.

என் கை கரும்பு மிஷின் சக்கரத்துலயே ஒட்டிக்கிச்சு.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. "அவன் எடுத்தா குழிக்குள்ள இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சிடுவான். ரெண்டு நிமிஷம் பேச மாட்டான். அன்னைக்கு நாப்பது போன் வந்துச்சு. நான்தான் பேசியிருப்பேன். ஏதோ ஞாபகத்துல சொல்லியிருப்பேன்"னுச்சு.

சொல்லாததைச் சொன்னேன்னு ஒத்துக்கிச்சுண்ணே. எனக்கு ஒரு வரி சொல்ல வேண்டியிருந்துச்சு. வாய் திறக்கல. யார் குரலும் வரல.

மறுநாள் கடையில போர்டு. 'போனில் அளவு சொல்லப்படாது.' அக்கா கையாலயே எழுதினது. அப்புறம் ஒவ்வொருத்தரா வர்றதை நிறுத்தினாங்க. நேர்ல பார்த்தா வணக்கம் வைப்பாங்க, வண்டியை மட்டும் அடுத்த கடைக்கு விடுவாங்க. ஒண்ணு ரெண்டு பேர் இன்னும் வந்தாங்கன்னு வைங்க, ஆனா அக்கா பழைய அக்கா இல்ல. அளந்ததையே அளக்கும். ஒரு வீலை நாலு வாட்டி கழட்டி மாட்டினதை நானே பார்த்தேன். ஒருநாள் சுவத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து கூப்பிட்டுச்சு. "யுகி, இங்க வா. நான் நட்டைச் சுத்துறேன், நீ எண்ணு."

"நீங்களே எண்ணலாமே அக்கா?"

"எனக்கு என் எண்ணிக்கை மேல நம்பிக்கை இல்லடா. நீ எண்ணு."

எண்ணினேன். பதினொண்ணு வந்துச்சு. ஸ்பேசரே இல்லாத வண்டிண்ணே அது. "பதினொண்ணுதானா? நிச்சயமா?"ன்னு கேட்டுச்சு, என்கிட்ட.

அன்னைக்கு சாயங்காலமே பிக்கப் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். வையாபுரி இருந்தார், ஏழெட்டு டிரைவர்கள் இருந்தாங்க. நான்தான் பேசினேன், அக்கா குரல்ல நான்தான் சொன்னேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஏன் சிரிக்க மாட்டாங்க? போன வருஷம் நான் ஆர்.டி.ஓ. குரல்ல பேசி பதிமூணு வண்டியை வெயில்ல வரிசையில நிக்க வெச்ச ஆள். இதுவும் அந்த வகைன்னு நினைச்சிட்டாங்க.

"சரிடா, பேசிக் காட்டு"ன்னார் வையாபுரி.

பேசினேன். அதாவது, வாயைத் திறந்தேன். பங்குனி வந்துடுச்சுல்ல அதுக்குள்ள? மாசிக் கடைசியிலேயே என் குரல் உடைய ஆரம்பிச்சிடுச்சு. இப்போ நீங்க கேக்குறீங்களே, இந்தக் கட்டைக் குரல். 'இங்க பாரு கண்ணு'ன்னு ஆரம்பிச்சேன், தண்ணி இல்லாத போர்ல மோட்டார் போட்ட மாதிரி ஒரு சத்தம். மறுபடி முயற்சி பண்ணேன். கீழ இருந்து மேல போய் நடுவுல அறுந்துச்சு. ஒரு டிரைவர் கீழ உக்காந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டார். உறிஞ்சு மட்டும் சரியா வந்துச்சு. உறிஞ்சை வெச்சு என்ன பண்றது?

வையாபுரி மட்டும் சிரிக்கல. "க்கும், அரசி உனக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கா. போய்ச் சொல்லு, தப்பு பண்ணினவ ஒத்துக்கிட்டப்போ இருந்த மரியாதையும் இப்போ போச்சுன்னு."

நான் சரி பண்ணப் போய் இன்னும் கெடுத்துட்டு வந்தேன்.

நான் வர்றதுக்கு முன்னாடியே சேதி கடைக்கு வந்துடுச்சு. அக்கா வெளிய நின்னுச்சு. அடிக்கும்னு நினைச்சேன். அடிக்கணும்னு வேண்டிக்கிட்டேன். "எனக்காக ஏன்டா இந்தப் பழியை இழுத்துப் போட்டுக்குற?"ன்னு கேட்டுச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு. "நெசமாத்தான்க்கா, நான்தான்"னேன். "வாயை மூடு, அந்த வையாபுரி என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போறான், ஊர்ல ஒருத்தனாச்சும் எனக்காக நின்னானே, போதும்"னுச்சு. கிரீஸ் கையைச் சேலையில துடைச்சிட்டு என் தலையில வெச்சுச்சு.

எங்க அப்பா, செவுள்ல விடுற அதே அப்பா, பெரிய டம்ளர்ல இஞ்சி, எலுமிச்சை எல்லாம் போட்டு ஒரு ஜூஸ் பிழிஞ்சு என்கிட்ட நீட்டினார். "மனுஷனாயிட்டடா"ன்னார்.

நான் குடிச்சேன்ணே. வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். கீழ ஊத்தியிருக்கலாம். கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சேன்.

அதுல இருந்து நான் நல்ல பையன். அக்கா வீட்டுல மீன் குழம்பு வெச்சா எனக்கு ஒரு கிண்ணம் வருது.

சாட்சி இல்லையான்னு கேக்குறீங்க. இருக்கு. ஒண்ணே ஒண்ணு இருக்கு. சந்தோஷத்துல என்னவோ பேசினார்னு சொன்னேன்ல, அந்த மிச்சம். நான் அக்கா குரல்ல, "என்னடா அவ்வளவு அவசரம், அடுத்த வாரம் மாட்டக் கூடாதா?"ன்னு கேட்டிருந்தேன். அவர் சொன்னார், சம்சாரத்துக்கு எட்டாம் மாசம், அம்மா வீட்டுல இருக்கு, குழந்தையை இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வரணும்னு. பொண்ணு பொறந்தா வைக்கிறதுக்கு ஒரு பேரும் சொன்னார். "இன்னும் அவகிட்டகூடச் சொல்லலக்கா. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்." வண்டியில முன்னாடி எழுதணும்னு ரெண்டு தடவை சொல்லிக் காட்டினார். எனக்கு எழுத்து எழுத்தா ஞாபகம் இருக்கு.

அந்தப் பேரை அவர் முன்னாடி போய் நின்னு நான் சொன்னா போதும். குரல் எப்படி இருந்தா என்ன? அன்னைக்குப் பேசினது யாருன்னு அவருக்குப் புரிஞ்சிடும். அவர் சொன்னா ஸ்டாண்டு நம்பும். போர்டைக் கழட்டலாம். அக்கா தானே எண்ணலாம்.

இல்ல, உங்ககிட்ட அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன். அதையாச்சும் நான் வெளிய விடல.

பொண்ணுதான் பொறந்திருக்கு. நாளைக்குப் பேர் வைக்கிறாங்க. மைக் செட்டெல்லாம் கட்டியிருக்காங்களாம். நாளைக்குக் காலையில அது ஊருக்கே தெரிஞ்ச பேராயிடும். அதுக்கப்புறம் நான் போய்ச் சொன்னா, நேத்து மைக்குல கேட்டதை இன்னைக்கு வந்து சொல்றான்னு சொல்லுவாங்க. அதனால இன்னைக்குள்ள போயாகணும். முந்தாநாளும் இதே பஸ்ல வந்தேன். நேத்தும் வந்தேன். முந்தாநாள் கூட்டம், இறங்க முடியல. நேத்து, நேத்து கூட்டமில்ல.

அவர் வீடா? ஏத்தாப்பூர் பிரிவுல இறங்கி நடக்கணும்.

ஆமாண்ணே. தாண்டிடுச்சு. கண்டக்டர் ஏத்தாப்பூர் பிரிவுன்னு கத்தினப்போதான் நான் உங்களுக்கு அந்த எண்ணுறதைப் பண்ணிக் காட்டிட்டிருந்தேன். கேட்டுச்சு. கேக்காம இல்ல. இப்போ வாழப்பாடி வருது. எதிர்ப்பக்கம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்குன்னு எனக்கும் தெரியும். இன்னும் வெளிச்சம் இருக்கு. அதுவும் தெரியும்.

ஆனா உங்க வண்டிக்கு என்ன நம்பர் வீல்னு இன்னும் நீங்க சொல்லவே இல்ல. பின்னாடி அடிச்சிருப்பான், பார்த்தீங்களா? சேலம் போறதுக்குள்ள நான் கணக்குப் போட்டே குடுத்துடுவேன். முப்பத்தஞ்சா, நாப்பதா?

என்னண்ணே? ஏன் காலை மடக்கிக்கிறீங்க, பையை எதுக்குத் தூக்குறீங்க?

நான் இறங்க வழி கேக்கவே இல்லையே அண்ணே.